பின்னால் நகரும் நாற்காலி

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பெயர்களை அவர் தம் அறைக்கு வெளியே ஒருநாளும் சொன்னதில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால்கூட நாங்கள் முதலில் சிரிக்கும்வரை எங்களைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த மரியாதையைத் திருப்பிச் செய்ய எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

அடையாறில், பெரிய சாலையின் இரைச்சல் ஓயத் தொடங்கும் ஓர் உட்தெருவில், பழைய வீடொன்றின் மாடியில் அவருடைய அறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கீழ்த்தளத்தில் ரவிக்கை தைக்கும் கடை. அதன் பலகை மட்டும் பெரிதாகத் தெரியும். மனக்குறையைச் சொல்ல மாடியேறுகிறவர்கள் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால் தையற்கடையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பொய் சொல்லக் கூசிய நான் உண்மையாகவே துணி கொடுத்துவிட்டுத்தான் படியேறுவேன். அந்த ஆண்டு எனக்குத் தேவைக்கு மேல் ரவிக்கைகள் சேர்ந்தன. என் கணவருக்கு அந்த வசதி இல்லை. வங்கியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் அந்தத் தெருவில் நிறுத்தி, "என்ன சார், இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். "ரவிக்கை தைக்கக் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மாடிப்படி முடியும்வரை சிவந்த முகத்தோடு ஏறினார் இவர்.

தனியாக வருகிறவர்களுக்கும் தம்பதிகளுக்கும் உணர்ச்சிகளின் வழியாகச் சிகிச்சை செய்கிறவர் அவர். அறிவுரை சொல்வதில்லை, யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பதுமில்லை. சொல்லப்படாமல் உள்ளே கிடக்கும் பயத்தையும் துக்கத்தையும், அது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் சொல்லவைப்பது ஒன்றே தம் வேலை என்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. நரையை மறைக்காத தலை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. என் கணவர் முதல் நாள் "டாக்டர்" என்று அழைத்ததும், "டாக்டர் இல்ல சார். ஊசியெல்லாம் கிடையாது, பயப்படாதீங்க" என்றார். இவர் சிரிக்கவில்லை. உண்மையில் பயந்துபோய்த்தான் இருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு எங்கள் மகள் சௌம்யா காரணம்.

மயிலாப்பூரில் நாங்கள் இருவரும் வளர்ந்த வீடுகளில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. என் அப்பா காபி வேண்டுமென்றால் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வாய் காபி கிடைச்சாத் தேவலை" என்பார். காபி வரும். எங்கள் வீட்டில் செய்தித்தாளின் இடத்தில் சௌம்யா இருந்தாள். "அப்பாவை எண்ணெய் தேச்சுக்கச் சொல்லு", "அம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு" என்று நாங்கள் பேச வேண்டியவற்றையெல்லாம் அவள் இங்குமங்கும் சுமந்தாள். அவளுக்கு மணமாகிப் புனேவுக்குப் போனபின்பும் அது நிற்கவில்லை. எங்கள் மூவருக்குமான வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்குச் சமையலறையிலிருந்து நான் அதில் எழுதுவேன்: "சௌம்யா, அப்பா மாத்திரை போட்டுண்டாரான்னு கேள்." புனேயிலிருந்து அவள் கேட்பாள். கூடத்திலிருந்து பதில் போகும்: "போட்டாச்சுன்னு அம்மாட்ட சொல்லு."

அவள் கருவுற்று ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் அந்தக் குழுவிலிருந்து விலகினாள். உடனே எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, பிரசவத்துக்கு நான் அங்க வரப்போறதில்லை."

"என்னடி பேத்தறே? தலைச்சன் பிரசவம். பிறந்தாத்துக்கு வராம?"

"வந்தா நாளைக்கு என் குழந்தையைத் தூது விடுவேள் ரெண்டு பேரும். 'தாத்தாவைச் சாப்பிட வரச்சொல்லு'ன்னு. நான் சுமந்தது போறும்மா. ஒருத்தர் அட்ரஸ் அனுப்பறேன், ரெண்டு பேரும் போங்கோ. நேருக்கு நேர் பேச ஆரம்பிச்சா வரேன். இல்லேன்னா இங்கயே பெத்துக்கறேன்."

இதை அவள் தன் அப்பாவிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறாள். அந்த முகவரியை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இரண்டு வாரம் ஆயிற்று.

மாடியறையில் மூன்று பிரம்பு நாற்காலிகள். கால்களில் கறுப்பு ரப்பர் மாட்டியிருக்கும். மொசைக் தரையில் நகர்த்தினால் கிறீச்சிடும். முதல் நாள் அவர் நாற்காலி எங்கள் இருவருக்கும் சமதூரத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தது. நான் பழக்கத்தின்படி அவரைப் பார்த்துத் தொடங்கினேன்.

"இவர் எதுவுமே வாயைத் திறந்து சொல்றதில்லை, மேடம்."

"அவர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா காதில போட்டுக்க மாட்டார். நீங்க சொல்லுங்கோ, ஒருவேளை கேப்பார்."

"நான் சொல்ல மாட்டேன்மா."

அவ்வளவு மென்மையான மறுப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை; அவ்வளவு உறுதியானதையும். அந்த அறையில் யாருடைய சொல்லையும் அவர் யாரிடமும் எடுத்துச் செல்ல மாட்டார். நாங்கள் அவரைப் பார்த்துப் பேசினால் அவர் எங்களில் மற்றவரைப் பார்ப்பார். கண் போகும் திசையில் நம் கண்ணும் போகும். அப்படித்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு என் கணவரின் முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு நரைமயிர் தனியாக நீண்டிருந்தது.

டிஷ்யூ பெட்டியிலும் அதே பிடிவாதம். அழுகிறவருக்கு எட்டாத இடத்தில், மற்றவருடைய நாற்காலியை ஒட்டித்தான் வைத்திருப்பார். நான் முதன்முதலாக அழுதபோது அவர் அசையவே இல்லை. என் கணவர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் கையிலிருந்த குடையின் நுனியால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை குடை வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கோபங்களைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் உவமை இருந்தது. "கோபம் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. நாம அவர்கிட்டயே சண்டை போட்டுட்டுத் திரும்பிடறோம். வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு பாக்கறதே இல்ல." அதைச் சொல்லும்போதெல்லாம் முதல் முறை சொல்கிறவர்போலவே சொல்வார். என் கணவர் எங்கள் குடியிருப்பின் காவலாளிக்குத் தினமும் வணக்கம் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

யாருக்கும் தூது போகாத அவருடைய வழக்கம் சிகிச்சையின் உத்தி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் சற்று முன்னதாகப் போய்விட்டேன். வாசற்கதவருகே பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் மீன்காரப் பெண்மணி கூடையை இறக்கிவைத்திருந்தார். மேடத்தோடு சங்கரா மீன் பேரம் முடிந்திருந்தது. பேச்சு வேறொன்றில் நின்றிருந்தது.

"யம்மா, நீ எம் புருசனாண்ட ஒரு வார்த்த சொல்லுமா. நான் சொன்னா மொறைக்கிறான். நீ சொன்னா கம்முனு கேட்டுக்குவான்."

"நான் சொல்ல மாட்டேன்."

"இன்னாம்மா நீ! கார்ல வர்றவங்களுக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ற, எனக்கு ஒரு வார்த்த வராதா?"

"யாருக்கும் பஞ்சாயத்து பண்றதில்ல. அவரைக் கூட்டிட்டு வா. நீ சொல்லு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"பக்கத்துல குந்திக்கினு இன்னா பண்ணுவ?"

"நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டேன்."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "இதுக்கா இம்மாம் படிப்பு படிச்சுகீது இந்தம்மா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டார். ஆனால் சில வாரங்கள் கழித்து, மாடிப்படியின் கடைசிக் கீழ்ப்படியில் அவரும் வெயிலில் கறுத்த ஒரு மனிதரும் அருகருகே உட்கார்ந்திருக்கக் கண்டேன். அவர்களுக்கு மேலே, இரண்டு மூன்று படி தள்ளி, மடியில் கைகோத்து மேடம் அமர்ந்திருந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடந்து போகையில், "த்தோ, இப்ப கேக்குறான் பாரு" என்று அந்தப் பெண்மணி யாரிடமும் இல்லாமல் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

நாற்காலி நகர்வதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். ஒரு மாலை, மாடியிலிருந்து இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். வழக்கம்போல் அவர் நாலடி முன்னால், நான் பின்னால். திடீரென்று நின்றார்.

"அந்தம்மா நாற்காலி ஃபேனுக்குக் கீழதானே இருந்துது, மொதல்ல?"

என்னைத்தான் கேட்டார். சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

"ஆமாம்" என்றேன். "இப்போ ஜன்னல்கிட்ட போயிடுத்து."

"வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா நகந்துண்டே போறா. நம்மளப் பாத்துப் பயமோ?"

"உங்க குடையப் பாத்துப் பயமா இருக்கும்."

அவர் சிரித்தார். மிச்ச வழியை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். சௌம்யாவின் வழியாகப் போகாமல் எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் அதுதான் என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகே எனக்கு உறைத்தது.

மேடம் பிழையே செய்யாதவர் என்று நினைக்க வைத்துவிடக் கூடாது. ஒருமுறை அவர் தவறியதையும், அதை ஒப்புக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அவரை இன்றுவரை நான் மறக்காமலிருப்பது அந்த நாளுக்காகத்தான்.

அன்று அவருடைய நாற்காலி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வாரமாக நான் சுற்றிச்சுற்றி வந்து சொல்லாமல் விட்டதை அன்று என் கணவரிடம் நேராகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கடைசியாப் படுத்துண்டிருந்த அன்னிக்கு, கஞ்சி கொண்டுவரேன்னு சொன்னேள். கார்த்தாலேருந்து வாசலையே பாத்துண்டிருந்தேன். அப்பா போறச்சே பக்கத்துல நான் மட்டும்தான் இருந்தேன். நீங்க வரலை. அப்புறமா எல்லாக் காரியமும் கச்சிதமாப் பண்ணினேள். ஆனா ஆத்துக்கு வந்து பாத்தா, பிளாஸ்க் அலம்பிக் கவிழ்த்து வெச்சபடியே மேடையில இருக்கு. நீங்க அதை எடுக்கவே இல்லை. கிளம்பவே இல்லை நீங்க."

சௌம்யா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது. ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை. கவிழ்ந்த அந்தப் பிளாஸ்க்கைப் பார்த்த நாளிலிருந்து அவரிடம் எதையும் நேராகக் கேட்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

என் கணவரின் கை நெஞ்சுக்குப் போயிற்று. சுவரோரத்திலிருந்து மேடம் கேட்டார்: "சார், இப்ப அங்க என்ன நடக்குது?"

"வெறும் கேஸ் ட்ரபிள். கார்த்தால பொங்கல் சாப்பிட்டேன்."

வேறு யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். "சரி சார். எப்போ ஆரம்பிச்சுது?" என்றார் மேடம், அத்தனை அக்கறையாக.

என் கணவர் நேர்மையாக யோசித்தார். "இவ... பிளாஸ்க்கைப் பத்திச் சொன்னப்போ" என்றார். சொன்னதைத் தாமே கேட்டதுபோல் ஒருகணம் திகைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

இனி அவர் இந்தப் படியேற மாட்டார், சௌம்யா வரப்போவதில்லை என்றுதான் முதலில் தோன்றிற்று.

"நீங்க போய்க் கூட்டிண்டு வாங்கோளேன். நீங்க சொன்னா வருவார்."

"நான் போக மாட்டேன்மா."

"உங்களுக்கென்ன! நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுண்டு சௌக்யமா உக்காந்துடறேள். உடையறது எங்க குடும்பம்!"

அவர் எழுந்தார். ரப்பர் கிறீச்சிட, அந்த நாற்காலி முதல் முறையாக முன்னால் வந்தது; என் முழங்காலை இடிக்கும் அளவுக்கு. "இன்னிக்கு நான் ரொம்பப் பின்னால போயிட்டேன். சீக்கிரம். அவர் பக்கத்துல இருந்திருக்கணும். என் தப்புதான்" என்றார். சற்று நிறுத்தி, "எனக்கும் ஓடிப்போய் அவரைக் கூட்டிட்டு வரணும்னுதான் இருக்கு. அதனாலதான் இதைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். நாற்காலியின் பிரம்புக் கைப்பிடிகளை இறுகப் பற்றியிருந்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இத்தனை வாரங்களாக அவருக்கு எளிதாக வருகிறது என்று நான் நினைத்திருந்த ஒன்று எளிதே அல்ல என்று தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிவரத் துடிக்கும் மனம்தான் அவருக்கும். அதைத்தான் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துப் போட்டிருந்திருக்கிறார்.

"அவர் இப்ப எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாப்ல. கோபம் வந்தா அங்கதான் போய் உக்காருவார். பஸ் வந்தாலும் ஏற மாட்டார்."

"கோபம் வந்தாவா?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில், குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் அமர்ந்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் உக்காந்துண்டிருந்தேன்."

"என்னிக்கு?"

"உங்கப்பா போன அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்ல இருக்கற ஸ்டாப்புல. கஞ்சி மடியில இருந்துது. ரோடத் தாண்டினா வாசல். தாண்ட முடியலை." "காலேஜ்ல படிக்கறச்சே எங்கம்மாவுக்கு மருந்து வாங்கிண்டு வரச்சொல்லி வார்டுலேருந்து அனுப்பினா. வாங்கிண்டு திரும்பி வந்தா, கட்டில் காலியா இருந்துது. அந்த வாசனை இன்னும் போகலை எனக்கு. மத்தியானம் உன் தம்பி போன் பண்ணி, முடிஞ்சுடுத்துன்னான். ஆத்துக்குப் போய்க் கஞ்சியக் கொட்டிட்டு, பிளாஸ்க்கை அலம்பிக் கவிழ்த்து வெச்சேன். நீ பாக்கக்கூடாதேன்னு."

நான் பார்த்தேன். பார்த்ததை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகளாக அவரைப் படித்திருந்தேன். பேருந்து ஒன்று வந்து நின்று, எங்களைப் பார்த்துக் காத்திருந்துவிட்டுப் போயிற்று. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "யார்கிட்ட சொல்லி அனுப்பறதுன்னு தெரியலை" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் மாடிக்குத் திரும்பியபோது அவர் அதே இடத்தில், அதே நாற்காலியில் இருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் எழுந்து, சத்தம் கேட்கக் கூடாதென்று நினைத்தவர்போல் நாற்காலியைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய் வைத்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் துடித்தது. "அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மேடம்" என்று ஆரம்பித்தேன். உள்ளங்கையை லேசாக உயர்த்தினார்.

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்ப போதும்மா."

முகத்தில் கேட்கவேண்டும் என்ற ஆசை அப்பட்டமாக இருந்தது; ஆனாலும் கேட்கவில்லை. அந்தப் பிளாஸ்க் ஏன் கவிழ்ந்திருந்தது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சில வாரங்களே போனோம். கடைசி நாளில் அவருடைய நாற்காலி கதவை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. நாங்கள் இருவரும் சௌம்யாவின் வருகையைப் பற்றி, எந்த அறையை ஒழிப்பது, தொட்டிலை எங்கே மாட்டுவது என்று பேச ஆரம்பித்து வாதத்தில் இறங்கிவிட்டோம். நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலியில் அவர் இல்லை. வெளியே மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, கீழே தையற்கடைக்காரரிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். விடைபெறும்போது தொலைபேசியில் தொடர்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தேவைப்பட்டா வாங்க. தேவைப்படாம இருந்தா இன்னும் நல்லது" என்றார். பின்னர் அவர் கோயம்புத்தூருக்குத் தம் அக்காவிடம் போய்விட்டதாகத் தையற்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சௌம்யா ஏழாம் மாதம் வந்தாள். வலி கண்ட அன்று காலை நானும் மாப்பிள்ளையும் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். "நீங்க போங்கோ. கஞ்சி வெச்சு எடுத்துண்டு வரேன்" என்றார் என் கணவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சௌம்யாவின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என் கைபேசி ஒலித்தது. குழுவில் செய்தி இல்லை, அழைப்பு. அதுவும் எனக்கு.

"நான்தான்."

"எங்க இருக்கேள்?"

"எதிர்த்தாப்ல. பஸ் ஸ்டாப்ல." மூச்சு கேட்டது. "உள்ள வர முடியலை. பயமா இருக்கு."

பக்கத்திலிருந்த மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்க வேண்டும். உடனே எழுந்துவிட்டான். நல்ல பையன். "நீங்க இருங்கோம்மா, நான் போய் அப்பாவைக் கூட்டிண்டு வந்துடறேன்."

அவனை அனுப்பியிருக்கலாம். அதுதான் சுலபம். மொசைக் தரையில் ரப்பர் கிறீச்சிடுவது என் காதுக்குள் கேட்டது.

"வேண்டாம்ப்பா, நீ சௌம்யாவுக்குத் துணையா இங்கயே இரு. நானே போறேன்."

சாலையைக் கடந்தேன். இரும்பு இருக்கையில், மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்திருந்தது. பக்கத்தில் அமர்ந்தேன். வாங்கோ என்று நான் சொல்லவில்லை. அவர் எழுந்திருக்கும்வரை எழுந்து போவதில்லை என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பேருந்து ஒன்று வந்து நின்றது.

"ஏறிடலாமா?" என்றேன்.

பயத்தினூடே சிரித்துவிட்டார். பேருந்து போயிற்று. பிளாஸ்க்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் கையைப் பற்றியபடி எழுந்தார்.

"வா, கஞ்சி ஆறறதுக்குள்ள போலாம்" என்றார்.